தோட்டத்துக்குக் கணக்குக் கற்பித்த ஆசான்: கோ. நடேசய்யர்

விழா மலர்களில் ஆசிரியர்களைப் போற்றுதல் நம் மரபு. கரும்பலகையின் முன் நின்று நம்மை மனிதராக்கிய பெருமக்களுக்கு அது தக்க கைம்மாறே. எனினும் மலைநாட்டின் கல்வி வரலாற்றை ஆராயப் புகுவோர், கூரையும் சுவருமில்லாத பள்ளியொன்றை நடத்திய ஆசானொருவரையும் மறத்தலாகாது. அவர்தாம் தஞ்சைத் தரணியிற் பிறந்து, கொழும்பிற் பத்திரிகை நடத்தி, அட்டனைத் தம் பணிக்களமாக்கிக் கொண்ட கோதண்டராம நடேசய்யர். தேசபக்தர், தொழிற்சங்கத்தின் தந்தை, சட்டசபைப் பேச்சாளர் என்றெல்லாம் அவரை அறிவோம். அவரை ஆசிரியராக நோக்குவதே இக்கட்டுரையின் கருத்து.

வணிக ஆசிரியர்

நடேசய்யர் தொடக்கத்திற் கற்பித்த பாடம் வணிகம். தஞ்சையிலே பள்ளியாசிரியராயிருந்த காலத்திலேயே வணிகக் கல்வி தமிழில் வளரவேண்டுமென்னும் வேட்கை அவரிடத்தே மிக்கிருந்தது. ‘வர்த்தகமித்திரன்’ என்னும் பத்திரிகையை நடத்தினார். கணக்குப் பதிவு, காப்புறுதி முதலிய பொருள்கள் பற்றித் தமிழில் நூல்கள் இயற்றினார். பற்று எது, வரவு எது, நிலுவை எவ்வாறு பிறக்கின்றது என்பதை எளிய தமிழில் விளக்கும் ஆற்றல் அவர்க்கு வாய்த்திருந்தது. இவ்வாற்றலே பின்னர் மலைநாட்டிற் பெரும் பயன் தந்தது.

பத்திரிகைப் பணி நிமித்தம் இலங்கை வந்தவர், தோட்டத் தொழிலாளரின் நிலையை நேரிற் காண விழைந்தார். அந்நாளிலே தோட்டம் துரையின் தனியரசு. வெளியார் உட்புகுந்தால் அத்துமீறல் வழக்கு வரும். ஆகவே புடவை வியாபாரியாக வேடம் பூண்டு, மூட்டை சுமந்து, லயந்தோறும் சென்று பார்த்தாரென்பர். துணி வாங்க வந்த பெண்களின் வாயிலாக அவர் அறிந்த செய்திகளுள் தலையாயது கடன்.

துண்டு என்னும் விலங்கு

இக்கடனின் இயல்பை மாணவர் நன்கு உணர்தல் வேண்டும். தோட்டத்திடம் முற்பணம் பெற்ற கங்காணி தமிழகத்துக் கிராமங்களுக்குச் சென்று ஆள் திரட்டுவான். வழிச் செலவு, சோறு, துணி, கம்பளி யாவும் தொழிலாளியின் பெயரிற் பற்றாக எழுதப்படும். அவன் தோட்டத்தில் அடிவைக்கும்போதே கடனாளி. கங்காணி தன் ஆட்களுடன் வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், ‘இவ்வளவு பணம் செலுத்தினால் இவர்களை விடுவிப்போம்’ என்று பழைய தோட்டம் ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கும். அச்சீட்டே துண்டு. புதிய தோட்டம் பணத்தைக் கட்டி ஆட்களை ஏற்கும். கடனோ தீராது, தோட்டந்தோறும் தொடர்ந்து செல்லும்.

இதனைப் பிற நாட்டு நிலையோடு ஒப்பிடுதல் தெளிவு தரும். கரீபியப் பகுதியிலுள்ள பிரித்தானிய கயானாவுக்கு 1838ஆம் ஆண்டிலும், திரினிடாட்டுக்கு 1845ஆம் ஆண்டிலும் இந்தியத் தொழிலாளர் கரும்புத் தோட்ட வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய தமிழரும் அவருள் உளர். அவர்கள் ஒப்பந்தத்தால் கட்டுண்டவர்கள். அது கொடிய கட்டேயாயினும் அதற்கு ஆண்டெல்லை ஒன்றிருந்தது. திரினிடாட்டிலே 1868ஆம் ஆண்டு வந்திறங்கிய கனடியப் பாதிரியார் ஜோன் மோட்டன் தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்க, அப்பள்ளிகள் வழியே காலப்போக்கில் இந்திய ஆசிரியர் பலர் தோன்றினர். நம் மலைநாட்டிலோ ஆண்டெல்லை கொண்ட ஒப்பந்தமில்லை. ஆகவே தொழிலாளி சுதந்திரன் என்று பேசப்பட்டது. ஆனால் எல்லையில்லாத கடன் இருந்தது. அக்கடனை எழுதியவன் கங்காணி. படிக்கத் தெரியாதவன் கடனாளி. கல்வியின்மையே இவ்விலங்கின் பூட்டாயிற்று.

துண்டுமுறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது. அதற்கு முந்திய ஆண்டிலே, தோட்டப் பிள்ளைகளுள் 6 முதல் 10 வயது வரையுள்ளோர்க்குத் தாய்மொழிக் கல்வி வழங்குதல் தோட்ட நிருவாகத்தின் கடமையென விதிக்கப்பட்டது. எனினும் சட்டம் ஏட்டில் ஏறுதல் வேறு. எழுத்து நெஞ்சில் ஏறுதல் வேறு. பத்து வயதுக்குமேற் கொழுந்துக்கூடை காத்திருந்தது. அதன்பின் கற்பிப்பார் யார்?

பத்திரிகையே பாடநூல்

இவ்வினாவுக்கு விடையாக வந்தவரே நடேசய்யர். 1921இல் ‘தேசநேசன்’, 1924இல் ‘தேசபக்தன்’ என்னும் பத்திரிகைகள் வாயிலாகத் தோட்டத்துச் செய்திகளை உலகறியச் செய்தார். 1925இல் சட்டநிரூபண சபையில் இடம்பெற்றார். கொழும்பிலே ஏ. ஈ. குணசிங்காவுடன் இணைந்து நகரத் தொழிலாளரிடையே பணியாற்றிப் பின்னர்ப் பிரிந்தார். 1931இல் அட்டனிலே அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். இருப்புப்பாதையும் தோட்டப் பாதைகளும் கூடுமிடம் அட்டன். தோட்டத்தினுள் ஆசிரியர் புகமுடியாவிடின், மாணவர் நகருக்கு வரத் தடையில்லையன்றோ!

கூட்டங்களுக்கு மக்களை ஈர்த்தவர் அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மையார். அம்மையார் பாடத் தொடங்கினால் கூட்டம் தானே சேரும். சேர்ந்தபின் ஐயர் பேசுவார். எழுத்தறியாதார்க்குப் பாட்டே புத்தகம் என்பதை இருவரும் உணர்ந்திருந்தனர். மெட்டோடு மனத்திற் பதிந்த செய்தி லயத்துக்குச் சென்றபின்னும் வேலை செய்யும். அம்மையாரின் பாடல்கள் 1940இல் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்னும் பெயரில் அச்சேறின. இல்லாளென்னும் அளவில் அவரை ஒதுக்காமல், உடனாசிரியர் என்றே போற்றுதல் முறை.

ஐயர் கற்பித்த பாடத்தின் பொருளை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்படி, மலையுச்சித் தோட்டங்களில் 1929 முதல் நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். ஒருவன் மாதத்தில் 24 நாள் உழைத்தால் அவனுக்குரியது 12 ரூபா 96 சதம். அவற்றுள் நான்கு நாட்களுக்கு அரைப்பெயர் போடப்பட்டால் 1 ரூபா 8 சதம் குறையும். இதனை நம் ஐந்தாம் வகுப்பு மாணவன் நொடியிற் சொல்வான். ஆயின் சட்டம் இன்னதென்று அறியாதவனுக்கும், செக்ரோலில் எழுதியதைப் படிக்கவியலாதவனுக்கும் அந்த 1 ரூபா 8 சதம் போனதே தெரியாது. தெரியாத இழப்புக்கு முறையீடும் இல்லை.

ஆகவேதான் ஐயர் ‘நீ மயங்குவதேன்?’ என்பது போன்ற சிறு நூல்களையும், தொழிலாளர்க்கான சட்ட விளக்க நூல்களையும் எழுதினார். லயத்தில் ஒருவன் எழுத்தறிந்தவனாயிருந்தாற் போதும்; அவன் படிக்கப் பிறர் கேட்பர். கணக்கப்பிள்ளையின் ஏடும் சட்டப் புத்தகமும் ஒரே எழுத்தால் ஆனவை என்று கண்டபோது, தொழிலாளியின் அச்சத்திற் பாதி நீங்கிற்று.

குறையும் நிறையும்

பெரியாரின் வரலாற்றை ஆராயுங்கால் நிறையை மட்டும் கூறுதல் நேர்மையாகாது. உலகப் பொருளாதார மந்தத்தின்போது கூலி குறைக்கப்பட்டது, அதனைச் சம்மேளனத்தால் தடுக்க முடியவில்லை, சம்மேளனமும் தளர்ந்தது. தோழருடன் நெடுநாள் ஒத்துழைக்கும் இயல்பு ஐயரிடம் குறைவு. 1936இல் அட்டன் தொகுதியின் பிரதிநிதியாக அரசாங்க சபை புகுந்து மக்கள் குறைகளை எடுத்துரைத்தார். ஆயினும் 1939இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் தோன்றியபின் இளைய தலைமையின்பால் மக்கள் சென்றனர். 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் அவர் தோல்வியுற்றார், அவ்வாண்டிலேயே காலமானார்.

அத்தேர்தலில் அவ்விளைய தலைமை ஏழு இடங்களை வென்றது. கூட்டங்களில் அஞ்சாது நிற்கவும், சந்தா கட்டிச் சங்கம் வளர்க்கவும், வாக்கின் பெறுமதியை உணரவும் மக்களைப் பழக்கிய முதல் வகுப்பு நடேசய்யருடையது. தம் மாணாக்கர் தம்மை விட்டுப் பிறரிடம் மேல்வகுப்புக்குச் செல்லுதல் ஆசிரியர் எவர்க்கும் நேர்வதே.

நாம் கொள்ளவேண்டிய பாடம்

அவர் மறைந்த மறு ஆண்டிலே, 1948இல், பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டது. மனிதரே நிலுவைக் கணக்காக எழுதப்பட்ட காலம் அது. அந்நாளில் வீடுதோறும் தேடப்பட்டது ஒரு துண்டுக் காகிதம்: பிறப்புப் பதிவு. அதனை எடுத்து வைத்தவரும் இழந்தவரும் அடைந்த வேறுபட்ட கதியை மலைநாட்டார் அறிவர். எழுத்தின் அருமையை இதனினும் கொடிதாக உணர்த்தும் பாடம் வேறில்லை. எஞ்சிய நாடற்றோர்க்குப் பிரசாவுரிமை முழுதும் கிட்டுதற்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரையிற் காத்திருக்க நேர்ந்தது.

தோட்டப் பள்ளிகளை 1970களில் அரசு பொறுப்பேற்றது. ஓராசிரியர் பள்ளியிலிருந்து பல்கலைக்கழகம் வரை ஏறிய மலைநாட்டு மைந்தர் பலர் இன்று நம்மிடையே உளர். இக்கல்லூரியின் பழைய மாணவருள்ளும் அத்தகையோர் குறைவல்லர். அவர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே. தோட்டத்தில் இன்றும் கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பெயர் போடும் வழக்கம் உண்டு. ஊழியர் சேமலாபநிதிப் படிவத்தை நிரப்பத் தெரியாது தயங்கும் தாய்மாரும் உளர். விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவன் லயத்து வாசலில் அரைமணி நேரம் அமர்ந்து, ஒரு தாயின் சம்பளச் சீட்டை வரிவரியாக வாசித்துப் பொருள் சொல்வானாயின், அவன் நடேசய்யரின் பள்ளியில் ஆசிரியனாகச் சேர்ந்தவனாவான். அப்பள்ளிக்கு இன்னும் விடுமுறை விடப்படவில்லை.