அங்ககச் சான்று வாங்குவது ஆதாயமா?

ரசாயன உரமும் பூச்சிமருந்தும் இடாமல் பயிர் செய்யும் விவசாயிகள் பலர், அங்ககச் சான்று வாங்கினால் கூடுதல் விலை தானே வந்துவிடும் என்று எண்ணுகிறார்கள். இது எல்லாருக்கும் பொருந்தாது. சான்று என்பது வயலை நேரில் பார்க்க இயலாதவருக்குக் காட்டும் அத்தாட்சி. ஆகவே விளைபொருளை யார் வாங்கப் போகிறார் என்பதை முதலில் தெரிந்துகொண்டு, பிறகே விண்ணப்பிக்க வேண்டும்.

யாருக்குப் பயன்?

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் களமருதூர் போன்ற சமவெளிக் கிராமத்து விவசாயி, நெல்லை அரசு நேரடிக் கொள்முதல் நிலையத்தில் போட்டால், சான்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் விலை ஒன்றே. சர்க்கரை ஆலைக்கு அனுப்பும் கரும்புக்கும் அப்படியே. ஜவ்வரிசி ஆலைக்குப் போகும் மரவள்ளிக் கிழங்குக்கு மாவுச்சத்தைப் பார்த்தே விலை வைக்கிறார்கள். இந்த விற்பனைகளில் சான்றுக்குச் செலவிட்ட பணம் திரும்பாது.

தெரிந்தவர்களுக்கு நேரில் விற்கும் சிறு விவசாயிக்கும் சான்று கட்டாயம் அல்ல. 2017-ஆம் ஆண்டின் அங்கக உணவு ஒழுங்குமுறைகள் இதற்கு விலக்கு அளித்துள்ளன. ஆனால் நகரத்துக் கடைகளில் ‘அங்ககப் பொருள்’ என்று அச்சிட்டு விற்பதற்கும், அவ்வாறே வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கும் சான்று அவசியம். அங்கே விற்க விரும்புவோருக்குத்தான் இது பயன் தரும்.

இரு வகைச் சான்றுகள்

முதலாவது, தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்தின்படி வழங்கப்படுவது. இது ஏற்றுமதிக்கும் செல்லும். தமிழ்நாட்டில் அரசின் அங்ககச் சான்றளிப்புத் துறை 2007-இல் கோவையைத் தலைமையிடமாகக் கொண்டு அமைக்கப்பட்டது. தனி விவசாயியும் விண்ணப்பிக்கலாம், குழுவாகவும் விண்ணப்பிக்கலாம். குழுவாகச் சேர்ந்தால் கட்டணமும் ஆய்வுச் செலவும் பங்கிடப்படும்.

இரண்டாவது, பங்கேற்பு உத்தரவாத முறை. ஒரே ஊரையோ அண்டை ஊர்களையோ சேர்ந்த விவசாயிகள் குறைந்தது 5 பேர் குழு அமைத்து, ஒருவர் வயலை மற்றவர் பார்வையிட்டு உறுதி சொல்ல வேண்டும். செலவு குறைவு. ஆனால் உள்நாட்டு விற்பனைக்கு மட்டுமே செல்லும்.

மாற்றுக் காலமே பெரிய செலவு

கட்டணத்தைவிடப் பெரிய செலவு மாற்றுக் காலத்தில் ஏற்படும் இழப்பு. தேசியத் திட்டத்தின்படி நெல், சாமை போன்ற பயிர்களுக்கு விதைப்பதற்கு முன் 2 ஆண்டுகள் நிலம் மாற்றுக் காலத்தில் இருக்க வேண்டும். மா, பலா போன்றவற்றுக்கு அறுவடைக்கு முன் 3 ஆண்டுகள். அதுவரை முழு அங்ககப் பொருள் என்ற விலை கிடைக்காது.

ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். ஏக்கருக்கு 20 மூட்டை நெல், மூட்டை 1,800 ரூபாய் என்றால் வரவு 36,000 ரூபாய். மாற்றுக் காலத்தில் 16 மூட்டையாகக் குறைந்தால் 7,200 ரூபாய் நஷ்டம். ஆண்டுக்கு ஒரு போகமாக இரண்டு ஆண்டுகளுக்கு 14,400 ரூபாய். அதன் பின் 18 மூட்டை விளைகிறது என்றும், சாகுபடிச் செலவு முன்போலவே என்றும் வைத்துக்கொள்வோம்.

மூட்டைக்கு 2,000 ரூபாய் கிடைத்தால் வரவு அதே 36,000. நஷ்டம் ஒருநாளும் அடைபடாது. 2,200 கிடைத்தால் நான்கு போகத்தில் அடையும். 2,400 கிடைத்தால் இரண்டே போகத்தில் அடையும். சான்றுக் கட்டணம் இதற்கு மேல். ஆகவே கூடுதல் விலை எவ்வளவு என்று வியாபாரியிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுப் பெறுவது நலம்.

மலை விவசாயிகளுக்கு

கல்வராயன் மலையில் ரசாயனமே படாத சாமை நிலம் வைத்திருப்போருக்கு விளைச்சல் குறையும் அச்சம் இல்லை. ஆதாரம் காட்டினால் மாற்றுக் காலத்தைக் குறைப்பது பற்றியும் சான்றளிப்போர் பரிசீலிக்கலாம். இத்தகைய நிலங்களைப் பெரும்பரப்பாகச் சேர்த்துச் சான்றளிக்கும் முறையும் உண்டு. அதன்படி 2021-இல் கார் நிக்கோபார், நான்கௌரி தீவுகளில் 14,491 எக்டேருக்குச் சான்று வழங்கப்பட்டது.

கவனிக்க வேண்டியவை

விதைப்பு, இட்ட எரு, தெளித்த கரைசல், அறுவடை ஆகியவற்றைத் தேதியுடன் குறிப்பேட்டில் எழுதி வர வேண்டும். வாங்கிய பொருள்களின் ரசீதுகளைப் பத்திரப்படுத்த வேண்டும். மருந்து நேர்த்தி செய்த விதை கூடாது. பக்கத்து வயலில் தெளிக்கும் மருந்தும், அங்கிருந்து வடியும் நீரும் வராதபடி வரப்போரம் இடைவெளி விட வேண்டும். ரசாயனம் தெளித்த கைத்தெளிப்பானை இரவல் வாங்கலாகாது. குழுவில் ஒருவர் செய்யும் தவறு மற்ற எல்லாருடைய சான்றையும் பாதிக்கக்கூடும். ஆதலால் உறுப்பினர்களை நன்கு தெரிந்து சேர்ப்பது அவசியம்.

சான்று ஒரு முறை வாங்கி வைத்துக்கொள்ளும் பத்திரம் அன்று. ஆண்டுதோறும் ஆய்வு உண்டு. வாங்குபவர், விலை, குழு ஆகிய மூன்றும் உறுதியான பின், வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தை அணுகி, நடப்பிலுள்ள கட்டணத்தையும் மானியத்தையும் கேட்டறிந்து விண்ணப்பிக்கலாம்.