கொக்கி இல்லாத கதவு

அன்புள்ள சகோதரிக்கு,

பிளஸ் ஒன் படிக்கும் உங்கள் மகனைப் பற்றி நீங்கள் எழுதிய ஆறு பக்கக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் பீரியடிலேயே தலை சாய்ந்துவிடுகிறது. நிற்க வைத்தால் நின்றபடியே கண் சொருகுகிறது. தலைமையாசிரியர் உங்களைக் கூப்பிட்டு, ராத்திரி முழுக்க செல்போன் பார்க்கிறானா என்று கேட்டிருக்கிறார். அவன் அப்பா கை நீட்டிவிட்டார். மாமியார் மந்திரித்துக் கயிறு கட்டினார். இவ்வளவும் எழுதிவிட்டு, கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் இடம் போதாமல் நுணுக்கி ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். தங்கை சொன்ன வேடிக்கைக்கு விழுந்து விழுந்து சிரித்தவன், நிஜமாகவே முழங்கால் மடங்கி விழுந்தான். வாய் குழறியது. அரை நிமிடத்தில் எழுந்துவிட்டான்.

அந்த ஓரத்து வரிக்காகத்தான் பதிலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். உங்கள் ஊரையும் பெயரையும் எங்கும் சொல்லவில்லை. நான் மருத்துவர் இல்லை. தம்பிக்கு என்ன என்று தீர்மானிக்கும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் அவனைச் சோம்பேறி என்று சொல்வதை இன்றோடு வீட்டில் எல்லோரும் நிறுத்த வேண்டும். ஏன் என்பதைச் சொல்கிறேன்.

தூக்கம் எப்படி வருகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வருகிறோம். அடுத்து நமக்குத் தெரிவது, நெற்றி கம்பியில் இடித்த வலிதான். நடுவில் தூங்கிய கணம் எது என்று யாராலும் சொல்ல முடியாது. 'கண் அசந்துட்டேன்' என்கிறோம், ஏதோ நாம் செய்த காரியம் போல. நாம் எதுவும் செய்யவில்லை. மூளையின் அடிப்பகுதியில் ஒரு மாற்றம் சில நொடிகளில் நடந்து முடிந்துவிட்டது.

அந்த இடத்தை முதலில் கண்டு சொன்னவர் கான்ஸ்டன்டின் ஃபான் எகோனமோ. கிரேக்கக் குடும்பத்தில் பிறந்து வியன்னாவில் மருத்துவம் படித்தவர். முதல் உலகப் போரில் விமானமும் ஓட்டியவர். 1916, 17 குளிர்காலத்தில் வியன்னா மருத்துவமனைக்கு விசித்திரமான நோயாளிகள் வந்தார்கள். மூளையில் அழற்சி. பலர் வாரக்கணக்கில் தூங்கினார்கள். தட்டி எழுப்பினால் விழித்து, கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்லிவிட்டு மறுபடி தூங்கிப்போனார்கள். சிலர் சாப்பிட உட்கார்ந்து, வாயில் வைத்த கவளத்தை மெல்லும்போதே உறங்கினார்கள். அதே நோய் கண்ட வேறு சிலருக்கோ நேர்மாறாகத் தூக்கமே வரவில்லை.

இறந்தவர்களின் மூளையை எகோனமோ அறுத்துப் பார்த்தார். ஹைப்போதலாமஸ் என்று ஒரு பகுதி, கண்களுக்குப் பின்னால், மூளையின் அடித்தளத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 1,400 கிராம் எடையுள்ள மூளையில் இது சுமார் 4 கிராம்தான். அதன் பின்பக்கமும் அதை ஒட்டிய இடமும் கெட்டவர்கள் ஓயாமல் தூங்கியிருந்தார்கள். முன்பக்கம் கெட்டவர்கள் தூக்கம் இழந்திருந்தார்கள். அப்படியானால் விழிக்க வைக்க ஓர் இடம், தூங்க வைக்க ஓர் இடம் என்று மூளையில் இருக்க வேண்டும் என்று அவர் எழுதினார். மூளை களைத்து ஓய்வதுதான் தூக்கம் என்று பலர் நம்பிய காலம் அது. நுண்ணோக்கியை மட்டும் வைத்துக்கொண்டு அவர் இவ்வளவு தூரம் போனது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

தூங்க வைக்கும் செல்களைச் சரியாக அடையாளம் காண 1996 வரை ஆனது. ஹார்வர்டில் கிளிஃபர்ட் சேப்பரின் குழு, எலிகளில், எகோனமோ சொன்ன அதே முன்பக்கத்தில் அவற்றைக் கண்டது. இவை வேலை செய்யும்போது, விழிக்க வைக்கும் மையங்களை வாயடைக்கின்றன. விழிக்க வைக்கும் மையங்களும் சும்மா இருப்பதில்லை. தங்கள் முறை வரும்போது தூக்கச் செல்களை வாயடைக்கின்றன. ஒன்று ஓங்கினால் மற்றது ஒடுங்கும். அதனால்தான் பாதி விழிப்பு, பாதி தூக்கம் என்ற நிலையில் நாம் நெடுநேரம் நிற்பதில்லை. விழிப்புக்கான ரசாயனங்களில் ஒன்று ஹிஸ்டமின். மூக்கு ஒழுகலுக்குப் பழைய வகை மாத்திரை போட்டால் கண்ணைச் சொக்குகிறதே, அந்த மாத்திரை மூளைக்குள்ளும் போய் ஹிஸ்டமினைத் தடுப்பதால்தான்.

இதை ஒரு கதவாக நினைத்துக்கொள்ளுங்கள். திறந்தால் விழிப்பு, மூடினால் தூக்கம். ஆடிக்காற்றில் நம் வீட்டு வாசல் கதவை என்ன செய்வோம்? சுவரில் இருக்கும் கொக்கியை மாட்டிவிடுவோம். மாட்டவில்லை என்றால் வீசுகிற ஒவ்வொரு காற்றுக்கும் கதவு படார் படாரென்று அடித்துக்கொள்ளும். மூளையில் அந்தக் கொக்கி ஓரெக்சின் என்ற ரசாயனம். 1998இல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் தனித்தனியாக அதைக் கண்டுபிடித்தன. டெக்சாஸில் யானகிசாவாவும் சகுராயும் அது பசியைத் தூண்டுவது என்று எண்ணி, பசியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் வைத்தார்கள். அதன் பெரிய வேலை வேறு என்று அடுத்த ஆண்டே தெரிந்துவிட்டது.

தெரிய வைத்தவை நாய்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு டாபர்மேன் கூட்டத்தைப் பல ஆண்டுகளாக வளர்த்தார்கள். பிடித்த தீனியைத் தட்டில் வைத்தால் நாய் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வரும். ஒரு வாய் தின்னும். சந்தோஷத்தில் பின்னங்கால் தொய்யும், பிறகு முன்னங்கால், பிறகு முழு உடலும் தரையில். கண் திறந்தே இருக்கும். கொஞ்ச நேரத்தில் எழுந்து இன்னொரு வாய் தின்னும், மறுபடி விழும். எம்மானுவேல் மிஞோ பத்து ஆண்டுகள் இதன் மரபணுவைத் தேடினார். 1999இல் கிடைத்தது: ஓரெக்சினை வாங்கிக்கொள்ளும் ஏற்பியில் பழுது. அதே மாதம் யானகிசாவா குழுவும் ஓரெக்சின் இல்லாத எலிகள் இருட்டில் ஓடிக்கொண்டிருக்கும்போதே பொத்தென்று விழுவதைக் கேமராவில் பார்த்தது. 2000இல் மனித மூளைகளை ஆராய்ந்தார்கள். ஓரெக்சின் சுரக்கும் செல்கள் ஒருவருக்குச் சுமார் 70,000 இருக்கும். இதேபோல் தூங்கி விழும் நோய் உள்ளவர்களிடம் அவற்றில் 85 முதல் 95 சதவீதம் காணாமல் போயிருந்தன. உடலின் எதிர்ப்பு சக்தியே இவற்றை அழிக்கிறது என்பதற்கு வலுவான சான்றுகள் உள்ளன.

நோயின் பெயர் நார்கோலெப்சி. 1880இல் ஜெலினோ என்ற பிரெஞ்சு மருத்துவர் வைத்தது. பெரும்பாலும் பதின்ம வயதில் தொடங்குகிறது. சுமார் 2,000 பேரில் ஒருவருக்கு இருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

சிரித்தால் ஏன் விழ வேண்டும்? கனவு காணும் உறக்கத்தில் மூளைத்தண்டு நம் தசைகளை அடியோடு தளர்த்திவிடுகிறது. கனவில் ஓடும்போது கட்டிலிலிருந்து எழுந்து ஓடாமல் இருக்க அந்த ஏற்பாடு. கொக்கி இல்லாதவர்களுக்கு அந்தத் தளர்ச்சி மட்டும் தனியாகப் பிரிந்து, பட்டப்பகலில், சிரிப்போ மகிழ்ச்சியோ பொங்கும் நேரத்தில் வந்து நுழைகிறது. நினைவு தப்புவதில்லை. விழுந்து கிடந்த அரை நிமிடமும் நீங்கள் பதறியதைத் தம்பி கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பான். கேட்டுப் பாருங்கள். விடியற்காலையில் விழித்துக்கொண்டு கை கால் அசைக்க முடியாமல், யாரோ நெஞ்சில் ஏறி உட்கார்ந்ததுபோல் திணறியிருக்கிறானா என்றும் கேளுங்கள். அமுக்குவான் பேய் என்று ஊரில் சொல்வோமே, அது இதே தளர்ச்சி சற்றுத் தாமதித்து விலகுவது. நல்ல ஆரோக்கியம் உள்ளவர்களுக்கும் எப்போதாவது வரும். இந்த நோயில் அடிக்கடி வரலாம்.

இன்னொன்று. இவர்கள் ராத்திரியிலும் ஒழுங்காகத் தூங்குவதில்லை. அடித்துக்கொள்ளும் கதவு இரண்டு பக்கமும்தானே அடிக்கும். 24 மணி நேரத்தையும் கூட்டிப் பார்த்தால் மற்றவர்களைவிடப் பெரிதாக அதிகம் தூங்கியிருக்க மாட்டார்கள். இதைத் தம்பியின் அப்பாவுக்குப் படித்துக் காட்டுங்கள்.

வகுப்பில் தூங்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் இந்த நோய் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் மூளையில் அடினோசின் சேர்ந்துகொண்டே போகும். தூங்கினால்தான் அந்தக் கடன் தீரும். பதின்ம வயதில் உடலின் கடிகாரமும் பின்தள்ளி ஓடுவதால் பிள்ளைகளுக்கு இரவு சீக்கிரம் தூக்கம் வராது. அவர்களைக் காலை ஐந்து மணி டியூஷனுக்கு எழுப்பிவிட்டு, பத்து மணிக்குக் கொட்டாவி விட்டால் அடிக்கிறோம். இது அநியாயம். அந்தப் பிள்ளைகளுக்கு வேண்டியது கூடுதலாக இரண்டு மணி நேரத் தூக்கம். குறட்டை, ரத்தசோகை, தைராய்டு என்று வேறு காரணங்களும் உண்டு. தம்பியின் நிலை வேறாக இருக்கலாம் என்று எண்ண வைத்தது அந்த ஓரத்து வரிதான்.

என்னோடு பள்ளியில் படித்த ஒருவன் நினைவுக்கு வருகிறான். இரண்டாவது பெஞ்ச். கணக்கு வகுப்பில் பெஞ்ச் மேல் ஏற்றி நிற்க வைத்தார்கள். நின்றபடியே தூங்கினான், சரிந்தான், நெற்றியில் ரத்தம். நாங்கள் சிரித்தோம். அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு அவன் பள்ளிக்கு வரவில்லை. அவனுக்கு இருந்தது இதுதானா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அவனை யாரும் மருத்துவரிடம் அழைத்துப் போகவில்லை என்பது மட்டும் தெரியும்.

நீங்கள் அழைத்துப் போங்கள். நரம்பியல் மருத்துவரிடம். இரவு முழுக்கத் தூக்கத்தைப் பதிவு செய்து, மறுநாள் பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை படுக்க வைத்து, எத்தனை நிமிடத்தில் தூங்குகிறான், உடனே கனவுறக்கத்துக்குள் போகிறானா என்று பார்க்கும் பரிசோதனை இருக்கிறது. பெரிய நகரங்களில் தூக்க ஆய்வகம் உள்ள மருத்துவமனைகளில் செய்கிறார்கள். போன செல்களைத் திரும்பக் கொண்டுவர இன்று வழி இல்லை. விழிப்பைத் தாங்கிப் பிடிக்கவும், சிரிக்கும்போது விழாமல் காக்கவும் மருந்துகள் உண்டு. மதியம் கால் மணி நேரம், இருபது நிமிடம் தூங்க விட்டாலே இவர்கள் தெளிந்துவிடுவார்கள். பள்ளியில் அதற்கு அனுமதி கேளுங்கள். மருத்துவரின் கடிதத்தோடு கேளுங்கள்.

போகும் முன் இரண்டு வாரத்துக்கு அவன் தூங்கி விழித்த நேரங்களை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். சிரித்து விழுவது மறுபடி நடந்தால் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். மருத்துவரைப் பார்க்கும் வரை அவன் தனியாகக் கிணற்றிலோ குளத்திலோ இறங்க வேண்டாம், வண்டி ஓட்ட வேண்டாம். மருத்துவர் முன்னால் உட்கார்ந்ததும், வகுப்பில் தூங்குகிறான் என்று தொடங்காதீர்கள். சிரித்தால் கால் மடங்குகிறது என்று முதலில் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் கடிதத்தைப் படித்தவன்