டிரம்மின் அச்சும் பல்சக்கரமும்: ஆம்பூர் இளம் ஃபிட்டருக்கு ஒரு கடிதம்

ஆம்பூர் டேனரியில் ஃபிட்டராகச் சேரும் இளைஞருக்கு,

தோல் பதனிடும் மர டிரம் மெதுவாகச் சுற்றும் இயந்திரம். ஊறவைக்கும்போதும் சுண்ணாம்பிடும்போதும் நிமிடத்துக்கு 2 முதல் 4 சுற்று. குரோம் ஏற்றும்போது 8 முதல் 12. சாயம் போடும்போது இன்னும் சற்று வேகம். 1440 சுற்றில் ஓடும் மோட்டாரை 12 சுற்றுக்கு இறக்க, 120 மடங்கு குறைக்க வேண்டும். பெல்ட்டில் இரண்டரை, கியர்பாக்ஸில் ஆறு, பினியனுக்கும் டிரம்மில் பூட்டிய பெரிய பல்சக்கரத்துக்கும் நடுவே எட்டு என்று பிரித்தால் கணக்கு நேராகும். வேகம் குறையக் குறைய முறுக்குவிசை ஏறும். 15 கிலோவாட் மோட்டாரின் தண்டில் சுமார் 100 நியூட்டன் மீட்டராக இருப்பது, உராய்வை விட்டுவிட்டுப் பார்த்தால், டிரம்மில் 12,000-ஐ எட்டுகிறது. பல் உடைவதும் கீ நசுங்குவதும் பெரும்பாலும் மெதுவாகச் சுற்றும் முனையில்தான்.

ஆவாரம் பட்டையைத் தொட்டியில் ஊறப்போட்டு வாரக்கணக்கில் தோல் பதனிட்ட காலத்தில் இந்தக் கவலை கிடையாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் பதனிடுதலைச் சோதித்துப் பார்த்தார். பின்னாளில் அம்முறை ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று பரவியபோது வாரங்களின் வேலை ஒரு நாளுக்குள் அடங்கியது. அந்த ஒரு நாள் முழுவதும் டிரம் சுற்றியாக வேண்டும். குரோம் பாதி ஏறிய நிலையில் டிரம் நின்றுபோனால் உள்ளே கிடக்கும் சரக்கு திட்டுத்திட்டாகிவிடும். பேரிங்கின் விலையை அந்தச் சரக்கின் விலையோடு வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

டிரம்மின் அச்சு ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஊடுருவிச் செல்லும் ஒரே தண்டு அல்ல. இரு பக்கப் பலகைகளிலும் இரும்புக் கைகளோடு போல்ட் போட்டு நிறுத்திய இரண்டு குட்டை அச்சுகள் அவை. ஒன்று உள்ளே துளையுள்ளது. டிரம் ஓடும்போதே நீரும் மருந்தும் அதன் வழியாக உள்ளே போகும். இரண்டையும் பிளம்மர் பிளாக்குகள் தாங்குகின்றன. 3 மீட்டர் விட்டமும் 3 மீட்டர் நீளமும் உள்ள டிரம்மின் கொள்ளளவு சுமார் 21 கன மீட்டர். பாதி நிரம்பினாலே பத்து டன்னுக்கு மேல்.

பேரிங் போய்விட்டது என்றதும் புது பேரிங் வாங்க ஆள் அனுப்புவது பல இடங்களில் வழக்கம். பழையது ஏன் போனது என்று அறியாமல் புதியதைப் போட்டால் அதுவும் அதே வழியில்தான் போகும். துளையுள்ள அச்சின் கிளாண்ட் பேக்கிங் தளர்ந்து ஒழுகும் நீர் அச்சின் மேலேயே வழிந்து பிளம்மர் பிளாக்குக்குள் இறங்குவதுதான் அடிக்கடி காணும் காரணம். அது வெறும் நீரல்ல. பிக்கிள் கட்டத்தில் கந்தக அமிலமும் உப்பும், சுண்ணாம்பு கட்டத்தில் கடும் காரம். அச்சில் ஒரு தடுப்பு வளையம் போட்டால் நீர் பேரிங்குக்கு முன்பே கீழே சொட்டிவிடும். செலவு குறைந்த இந்த வளையம் பல டிரம்களில் இல்லை என்பது வியப்புதான். அச்சில் பேரிங் உட்காரும் இடம் தேய்ந்திருக்கிறதா, கீ பள்ளத்தின் இரு பக்கமும் உருண்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். முன்னும் பின்னும் மாறிச் சுற்றும் டிரம்மில் கீ இரு பக்கமும் அடிவாங்கும்.

கழற்றும் முன் செய்ய வேண்டியவற்றில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. டிரம் காலியாகி, கழுவப்பட்டிருக்க வேண்டும். கழுவிய நீர் கழிவுநீர்க் குழாய்க்கே போக வேண்டும். டேனரிக் கழிவுநீர் குறித்த வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு பழுதுபார்ப்பு நாளுக்கு விலக்கு எதுவும் அளிக்கவில்லை. ஃபியூஸைக் கழற்றி, மெயினைப் பூட்டி, சாவியை வேலை செய்பவரே வைத்திருக்க வேண்டும். பெல்ட்டைக் கழற்றிய டிரம்மை எதுவும் பிடித்திருப்பதில்லை. கதவின் கனமோ ஒரு பக்கம் தங்கிய ஈரமோ போதும், அது தானாக உருண்டுவிடும். ஆகவே இருபுறமும் ஆப்பும், அடியில் ஸ்லீப்பர் கட்டையும் வைக்க வேண்டும். சல்பைடு கலந்த சுண்ணாம்பு நீரில் அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். செறிவு கூடினால் மூக்கு மரத்துப்போய் அழுகிய முட்டை நாற்றமே தெரியாது. நாற்றம் இல்லை என்பதை நம்பி டிரம்முக்குள் இறங்கக் கூடாது. காற்றோட்டம், வாயு அளக்கும் கருவி, வெளியே ஓர் ஆள் ஆகிய மூன்றும் இருந்தால்தான் இறங்கலாம்.

போல்ட்டைத் தளர்த்தும் முன்பே அளவெடுக்க வேண்டும். பிளம்மர் பிளாக்கின் அடியில் உள்ள ஷிம் தகடுகள் எத்தனை, எந்தப் பக்கம் என்பதை எழுதிவைத்து, பல்சக்கரத் துண்டுகள் சேரும் இடங்களில் உளியால் குறியிட்டுவிட்டே டிரம்மை ஜாக்கியில் தூக்க வேண்டும். பேரிங்கைச் சம்மட்டியால் அடித்து ஏற்றுவது அதன் ஆயுளில் பாதியை அன்றே தின்றுவிடும். எண்ணெயில் சீராகச் சூடேற்றி ஏற்றுவதே முறை.

இந்த வேலையின் உயிர் நேர்படுத்துவதில் இருக்கிறது. டிரம்களில் போடும் உருளை பேரிங் தானாகச் சற்றுச் சாய்ந்துகொடுக்கும் வகை. அச்சு கோணலாக நின்றாலும் அது முனகாமல் ஓடும். அந்தக் கோணலுக்கு விலை கொடுப்பது பல்சக்கரம்: பல்லின் ஒரு முனை மட்டும் கடித்து, அங்கே தேய்ந்து, கடைசியில் உடையும். ரசமட்டம் சரியாகக் காட்டுகிறது, கையால் தள்ளினால் சுற்றுகிறது என்பதெல்லாம் போதாது. பற்களுக்கு நடுவே ஈயக் கம்பியைக் கொடுத்து உருட்டி, நசுங்கிய தடிமனைப் பல்லின் இரு முனையிலும் அளந்தால் கோணல் எண்ணாகத் தெரிந்துவிடும். இரண்டும் ஒன்றாகும்வரை ஷிம் மாற்ற வேண்டும். மரத்தில் பூட்டிய சக்கரம் முழு வட்டமாக நிற்பது அரிது என்பதால் சுற்றில் எட்டு இடங்களிலாவது அளந்து, மிக இறுகிய இடத்தை வைத்தே பினியனின் இடைவெளியைத் தீர்மானிக்க வேண்டும்.

இந்த அளவைக் காய்ந்த டிரம்மில் எடுத்து முடித்துவிடுவது பெரிய தவறு. பழுதுக்காக நிறுத்திய டிரம்மின் பலகைகள் வெயிலில் சுருங்கியிருக்கும். நீர் பட்டதும் உப்பி, பக்கப் பலகையையும் அதிலுள்ள அச்சையும் கொஞ்சம் நகர்த்திவிடும். பாரம் ஏறினால் அடித்தளக் கட்டையும் இறங்கும். பாய்மரப் படகில் ப்ரொபெல்லர் தண்டை மாற்றுவோருக்கும் இதே பிரச்சினை உண்டு. கரையில் நிற்கும் படகும் நீரில் மிதக்கும் படகும் வடிவத்தில் ஒன்றல்ல என்பதால், தண்டின் கப்ளிங்கை மிதக்கவிட்ட பிறகே கடைசியாகச் சரிபார்க்கிறார்கள். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள கப்ளிங்கின் முகங்களுக்கு நடுவே 0.1 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபாடு ஏற்பதில்லை. டிரம்மிலும் முதல் அளவு காய்ந்த நிலையில் எடுக்கலாம். நீர் நிரப்பி ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் பாரத்தோடு எடுக்கும் அளவுதான் கணக்கு.

வி-பெல்ட்டுகளை ஒன்றொன்றாக மாற்றக் கூடாது. பழையதும் புதியதும் கலந்தால் புதியதே முழுச் சுமையையும் இழுக்கும். இரு புல்லிகளின் முகத்திலும் நூல் பிடித்து நேர் பார்க்க வேண்டும். தயாரிப்பாளர் சொல்லும் விசையில் அழுத்தும்போது, 1 மீட்டர் இடைவெளிக்குச் சுமார் 16 மில்லிமீட்டர் தாழ்ந்தால் இறுக்கம் சரி. பெல்ட் வழுக்குகிறது என்று அதை எடுத்துவிட்டு நேரடி கப்ளிங் போடும் யோசனை அவ்வப்போது எழும். அடியில் தேங்கிய தோலோடு டிரம் கிளம்பும்போது வரும் உதறலை வாங்கிக்கொள்வது அந்த வழுக்கல்தான். அது போனால் உதறல் கியர்பாக்ஸுக்குப் போகும். மெல்லக் கிளப்பும் டிரைவ் வைத்த டிரம்மில் மட்டும் இதை யோசிக்கலாம்.

உள்பக்கம் வரும் போல்ட்டுகள் சாதா இரும்பாக இருக்கக் கூடாது. மரப்பட்டைச் சாறு ஏறும் தோலில் இரும்பு பட்டால் கருநீலக் கறை விழும்; அது எளிதில் போகாது. துருப்பிடிக்காத எஃகிலும் 304 வகை உப்பில் புள்ளி புள்ளியாக அரிக்கும், 316 தாக்குப்பிடிக்கும்.

முதல் ஓட்டம் வெறும் நீரில், தோல் இல்லாமல். அரை மணி நேரத்தில் பெல்ட்டையும், ஒரு நாள் கழித்துப் பேரிங் சூட்டையும், ஒரு வாரத்தில் அச்சின் போல்ட்டுகளையும் மறுபடி பார்க்க வேண்டும். மரம் அமுங்குவதால் போல்ட் தளராமல் இராது. கடைசி ஷிம் கணக்கையும் எட்டு இடங்களின் ஈயக் கம்பி அளவையும் டிரம் எண்ணோடு பதிவேட்டில் எழுதிவைத்தால், அடுத்து அதைக் கழற்றுபவர் தேய்மானம் எவ்வளவு என்பதைக் கழித்தே கண்டுகொள்வார்.