நாளம் கசிவதேன்? செல் சட்டகத்தின் பங்கு

கொசு கடித்த இடத்தில் சற்று நேரத்தில் ஒரு தடிப்பு எழுகிறது. நாம் அதைச் சொறிந்துவிட்டு மறந்துவிடுகிறோம். அத்தடிப்பினுள் இருப்பது கொசு விட்டுச் சென்ற நஞ்சு என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அதில் பெரும்பகுதி நமது சொந்த இரத்தத்தின் நீர்ப்பகுதியே. நாளத்துக்குள் ஓட வேண்டிய அந்நீர் வெளியே வந்தது எப்படி? நாளத்தின் சுவரில் கதவு உண்டா? உண்டெனில் அதைத் திறப்பதும் மூடுவதும் எது?

இரத்தம் இதயத்திலிருந்து புறப்பட்டு மீண்டும் இதயத்துக்கே திரும்புகிறது என்பதை இங்கிலாந்து நாட்டு வில்லியம் ஹார்வி 1628-ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். ஆயினும் தமனிகளிலிருந்து சிரைகளுக்கு அது எவ்வழியாகச் செல்கிறது என்பதை அவரால் காண இயலவில்லை. 1661-இல் இத்தாலி நாட்டு மார்செல்லோ மால்பிகி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, மயிரினும் மெல்லிய தந்துகிகளைக் கண்டார். (இவரே 1691-இல் பாப்பரசர் 12-ஆம் இன்னொசென்ட் அவர்களின் மருத்துவராக உரோமைக்கு அழைக்கப்பெற்றவர்.)

தந்துகியின் சுவர் ஒரே ஓர் அடுக்குச் செல்களால் ஆனது. அதற்கு எண்டோதீலியம் என்று பெயர். தரையில் பதித்த ஓடுகளைப் போலத் தட்டையான செல்கள் ஒன்றையொன்று ஒட்டி அமைந்துள்ளன. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்ரான். இச்செல்கள் பல இடங்களில் ஒரு மைக்ரான் கனங்கூட இல்லாதவை. இவ்வளவு மெல்லிய சுவர் கசியலாமா என்று கேட்டால், சிறிது கசியத்தான் வேண்டும். நீரும் உப்பும் உணவும் திசுக்களைச் சென்றடைய வேண்டுமே! வெளியேறும் நீரில் எஞ்சியதை நிணநீர் நாளங்கள் சேகரித்து மீண்டும் இரத்தத்தில் சேர்க்கின்றன. ஆனால் ஆல்புமின் போன்ற பெரிய புரதங்கள் பெரும்பாலும் உள்ளேயே நிற்க வேண்டும். அவைதாம் நீரை நாளத்துக்குள் பிடித்து வைப்பவை. புரதம் வெளியேறினால் நீரும் அதன் பின்னே சென்றுவிடும். மூளையின் நாளங்களில் இக்காவல் மிகக் கடுமையானது. கல்லீரலிலோ வாயில்கள் திறந்தே கிடக்கின்றன. இடத்துக்கேற்ற ஏற்பாடு!

நமக்கு எலும்புக்கூடு இருப்பது போலச் செல்லுக்கும் ஒரு சட்டகம் உண்டு. ஆக்டின் இழைகள், இடைநிலை இழைகள், நுண்குழல்கள் என்னும் மூன்றும் சேர்ந்ததே அச்சட்டகம். எலும்புக்கூடு என்ற உவமை ஓரளவுக்கே பொருந்தும் என்பது எங்கள் கருத்து. எலும்பு நிலையானது, இதுவோ நிமிடத்துக்கு நிமிடம் பிரித்துக் கட்டப்படுவது. திருவிழாப் பந்தல் என்றால் இன்னும் பொருத்தமாக இருக்கும். இம்மூன்றில் கசிவைப் பொறுத்தவரை தலைமைப் பங்கு ஆக்டினுடையது. நமது தசையைச் சுருங்கச் செய்யும் ஆக்டினும் மயோசினும் இந்தச் சின்னஞ்சிறு நாளச் செல்லிலும் வேலை செய்கின்றன.

அடுத்தடுத்த செல்கள் காட்ஹெரின் என்னும் புரதத்தால் கைகோத்து நிற்கின்றன. அந்தக் கையின் உட்புற முனை, கேட்டனின் என்ற வேறு புரதங்களின் வழியாக, ஆக்டின் இழைகளுடன் பிணைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே உள்ளே இழை இழுக்கப்பட்டால் வெளியே கைப்பிடி அதை உணரும். விளையாட்டுத் திடலில் பத்து மாணவியர் கைகோத்து வட்டமாக நிற்பதாகக் கொள்வோம். ஒவ்வொருத்தியும் கைகளைத் தன் மார்போடு இழுத்துக்கொண்டால் என்ன ஆகும்? பிடி நழுவி, இடையிடையே வழி உண்டாகும். நாளச் சுவரிலும் அதுவே நிகழ்கிறது.

அப்படியானால் ஆக்டின் நமக்குப் பகையா? இல்லை. சுவரை இறுக்கிக் காப்பதும் அதே ஆக்டின்தான். வேறுபாடு அது கட்டப்பட்டுள்ள விதத்தில் இருக்கிறது. வீட்டில் உள்ள மூங்கில் முறத்தைப் பாருங்கள். விளிம்பைச் சுற்றிப் பட்டை வைத்துக் கட்டியிருப்பார்கள். அக்கட்டு உள்ளவரை முறம் விரிந்து விறைப்பாக நிற்கும். அதே பட்டையைக் குறுக்கே கட்டி இறுக்கினாலோ முறம் மடங்கிப் போகும். அமைதியாக இருக்கும் நாளச் செல்லில் ஆக்டின் பெரும்பாலும் விளிம்பையொட்டி வளையமாக அமைந்து கைப்பிடிகளைத் தாங்குகிறது. சில இரசாயனப் பொருள்கள் வந்து தொட்டதும், அது செல்லின் குறுக்கே தடித்த கயிறுகளாகத் திரள்கிறது, மயோசின் அக்கயிறுகளை இழுக்கிறது, செல் சுருங்குகிறது.

இதற்கான சான்று வந்த வழியும் சுவையானது. 1961-இல் கைடோ மஜ்னோ, ஜார்ஜ் பலாடே என்னும் இருவர், எலியின் இரத்தத்தில் கருநிற நுண்துகள்களைக் கலந்து ஹிஸ்டமின் என்ற பொருளையும் செலுத்தினர். (கொசுக்கடியில் தடிப்பை உண்டாக்குவதும் ஹிஸ்டமினே.) பின்னர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, துகள்கள் இரு செல்களுக்கு நடுவே தோன்றிய இடைவெளிகளில் சிக்கியிருந்தன. அவ்விடைவெளிகள் தந்துகிகளில் அல்லாமல், அவற்றை அடுத்து வரும் நுண்சிரைகளில் காணப்பட்டன. 1969-இல் மஜ்னோவும் துணைவர்களும், இடைவெளிக்கு அருகிலுள்ள செல்களின் உட்கரு, காய்ந்த பேரீச்சம்பழம் போலச் சுருக்கம் விழுந்திருப்பதைக் காட்டி, செல்லே சுருங்குகிறது என்று கூறினர். பலாடே அவர்கள் செல் ஆராய்ச்சிக்காக 1974-இல் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார்.

ஆக்டினை இவ்வாறு மாற்றிக் கட்டும் மேற்பார்வையாளர்களும் செல்லுக்குள் உள்ளனர். ரோ என்ற புரதம் குறுக்குக் கயிறுகளைக் கட்டி இழுக்கச் செய்யும். ராக் என்ற புரதம் விளிம்பு வளையத்தை வலுப்படுத்தும். நுண்குழல்கள் உடைந்தால், அவற்றில் கட்டுண்டிருந்த ஒரு புரதம் விடுபட்டு ரோவைத் தூண்டிவிடும் என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளலாம். ராக்கைத் தூண்டும் பொருள்களுள் ஒன்று ஸ்பிங்கோசின் பாஸ்பேட். அது விளிம்பு வளையத்தைப் பலப்படுத்திச் சுவரை இறுக்குகிறது என்று 2001-இல் தெரியவந்தது. இப்பொருளைச் சுமந்து திரிபவற்றுள் முக்கியமானவை சிவப்பணுக்கள். இரத்த நீரில் இப்பொருள் இல்லாதவாறு உருவாக்கப்பட்ட சுண்டெலிகளின் நாளங்கள் கசிந்தன என்றும், இயல்பான சிவப்பணுக்களை ஏற்றியதும் கசிவு குறைந்தது என்றும் 2009-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. ஓடும் இரத்தமே தான் ஓடும் வாய்க்காலின் கரையைக் கட்டிக் காக்கிறது!

கொசுக்கடித் தடிப்பு சிறிது நேரத்தில் அடங்கிவிடும். ஆனால் இக்கசிவு உடலெங்கும் நிகழ்ந்தால்? ஐப்பசி, கார்த்திகை மழையுடன் நம் ஊர்களுக்கு வரும் டெங்குக் காய்ச்சல் சிலரிடம் இதைத்தான் செய்கிறது. டெங்கு வைரசு வெளிவிடும் என்.எஸ்.1 என்ற புரதம் நாளச் செல்களின் மேற்பூச்சைச் சிதைத்துக் கசியவைக்கும் என்று 2015 முதல் ஆய்வுகள் காட்டியுள்ளன. நம் உடலின் எதிர்ப்புச் செல்கள் வெளிவிடும் பொருள்களும் செல் சட்டகத்தை இழுக்கத் தூண்டுகின்றன. நீர் வயிற்றறையிலும் நுரையீரலைச் சுற்றியும் தேங்கும். நாளத்தில் இரத்தம் கெட்டியாகும்.

பெற்றோர் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கசிவு பெரும்பாலும் காய்ச்சல் கொதிக்கும்போது அல்ல, 3 முதல் 7 நாள்களுக்குள் அது தணியும் வேளையில் தொடங்குகிறது. "காய்ச்சல் விட்டது, இனிப் பள்ளிக்குப் போகலாம்" என்று நாம் மகிழும் நாளே ஆபத்தான நாள். கடும் வயிற்று வலி, ஓயாத வாந்தி, சோர்வு, ஈறில் இரத்தம், சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் எது கண்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். உறவினர் எல்லோரும் "தட்டணு எத்தனை?" என்றே கேட்கின்றனர். மருத்துவரோ ஹிமட்டோகிரிட் எனப்படும் சிவப்பணு விகிதத்தையும் பார்க்கிறார். 35 விழுக்காடாக இருந்தது 42 ஆனால், அதாவது ஐந்தில் ஒரு பங்கு கூடினால், நீர் கசிந்துவிட்டது என்று பொருள். அப்போது அளவறிந்து சிரை வழியே நீர் ஏற்றுவர். அளவு மிஞ்சினாலும் தீங்குதான். ஏற்றிய நீர் நுரையீரலைத் திணறடிக்கும்.

இக்கசிவை நிறுத்துவதற்கென்று ஒரு மருந்து இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. ஆனால் 24 முதல் 48 மணி நேரத்தில் பெரும்பாலோருக்குச் சுவர் தானாகவே மூடிக்கொள்கிறது. தேங்கிய நீர் நாளங்களுக்குத் திரும்புகிறது. சிறுநீர் தாராளமாகப் பிரிகிறது. பிள்ளை எழுந்து உட்கார்ந்து, பசிக்கிறது என்கிறது.