ஏட்டில் எழுதாத ஓசை

ஒரு சொல்லின் பொருளை அதன் எழுத்துகளே உணர்த்துகின்றன என்பது பொதுவான எண்ணம். ஆயின், எழுத்து வேறுபடாதிருக்க, ஓசை மட்டுமே வேறுபட்டுப் பொருளை மாற்றும் மொழிகளும் உலகில் உள. உருசிய மொழியில் ‘ஸாமொக்’ என முதலசையை அழுத்திக் கூறின் அச்சொல் கோட்டையைக் குறிக்கும். ‘ஸமோக்’ என இரண்டாம் அசையை அழுத்திக் கூறின் பூட்டைக் குறிக்கும். நாள்தோறும் எழுதும் எழுத்திலோ இரண்டும் ஒன்றே. எடுத்தல், படுத்தல், நலிதல் என்னும் ஓசை வேறுபாடுகளை நன்னூலார் சுட்டியிருத்தலைத் தமிழ் கற்போர் அறிவர். அத்தகைய வேறுபாடுகள் ஸ்லாவிய மொழிகளின் வரலாற்றையே விளக்கிக் காட்டுவன ஆயின.

உருசியம், உக்ரைனியம், போலிஷ், செக், பல்கேரியம், செர்பியம், குரோவாசியம் முதலியன ஸ்லாவியக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இவை யாவும் ஒரு தாய் வயிற்று மக்கள். எனினும் ஓசையில் இவை பெரிதும் வேறுபடுகின்றன. செக் மொழியினர் எச்சொல்லிலும் முதலசையையே அழுத்துவர். போலிஷ் மொழியினர் பெரும்பாலும் ஈற்றயலசையை அழுத்துவர். உருசியத்தில் அழுத்தம் எவ்வசையிலும் வரலாம். செர்பியத்திலும் குரோவாசியத்திலுமோ அழுத்தத்தோடு குரலின் ஏற்ற இறக்கமும் பொருளை வேறுபடுத்தும். ஒரு தாயின் மக்களிடையே இத்துணை வேற்றுமை எவ்வாறு தோன்றியது?

தாய்மொழியில் நீண்ட அசைகட்கு இருவகை ஓசை இருந்தது. ஒன்றை ஏறோசை எனவும், மற்றொன்றை இறங்கோசை எனவும் வழங்கலாம். மேலைநாட்டார் முன்னதை ‘அக்கியூட்’ என்பர். அதில் குரல் மேலெழுந்தது என்பது அறிஞர் பலர் கொள்கை. பசுவைக் குறிக்கும் சொல் ஏறோசை பெற்றது. பொன்னைக் குறிக்கும் சொல் இறங்கோசை பெற்றது. இன்று அவ்விரு சொற்களும் மூன்று மொழிகளில் நிற்கும் நிலையை நோக்குக.

உருசியத்தில் பசு ‘கொரோவா’, பொன் ‘ஸோலொத்தொ’. முன்னதில் இரண்டாம் அசையும் பின்னதில் முதலசையும் அழுத்தம் பெறுகின்றன. செக் மொழியில் பசு ‘க்ராவ’ என நெடிலும், பொன் ‘ஸ்லத்தொ’ எனக் குறிலும் பெறும். செர்பியத்தில் இது தலைகீழாகும்: பசு ‘க்ரவ’ எனக் குறுகும், பொன் ‘ஸ்லாத்தொ’ என நீளும். இவ்வேறுபாடு இவ்விரு சொற்களோடு நின்றதன்று. பட்டாணி முதலிய பயற்றின் பெயர் பசுவின் பெயரையும், நகர் அல்லது கோட்டையின் பெயர் பொன்னின் பெயரையும் அவ்வாறே பின்பற்றுகின்றன. தாயிடம் இருந்த ஓசை மறைந்தும், அது விட்டுச் சென்ற சுவடு ஓரிடத்தில் அழுத்தமாகவும், ஓரிடத்தில் நெடிலாகவும், பிறிதோரிடத்தில் குறிலாகவும் நிலைத்தது.

ஓசை இடம் பெயர்தலும் உண்டு. மேலை ஐரோப்பாவை ஆண்ட பேரரசன் சார்லமேன் 814இல் இறந்தான். அவனுக்கு அண்டையில் வாழ்ந்த ஸ்லாவியர், ‘கார்ல்’ என்னும் அவன் இயற்பெயரையே அரசன் என்னும் பொதுப்பெயராகக் கொண்டனர் என்பர். உருசியத்தில் அரசன் ‘கொரோல்’ எனப்படுவான். ‘அரசனுடைய’ என்பது ‘கொரொல்யா’ என ஈற்றில் அழுத்தம் பெறும். முற்காலத்தில் அரசன் என்னும் சொல்லின் ஈற்றிலும் ஓர் உயிர் இருந்தது. நம் குற்றியலுகரம் போல் குறுகி ஒலித்த அவ்வுயிர் அழுத்தத்தைத் தாங்கமாட்டாது தேய்ந்தது. அழுத்தம் முன்னசைக்கு நகர, அங்கே புதியதோர் ஏறோசை பிறந்தது. சார்லமேன் பெயரே இம்மாறுதலுக்கு உட்பட்டமையால், அது அவன் காலத்துக்கு முற்பட்டதாக இருத்தல் இயலாது. கல்வெட்டுச் சான்று இல்லாத இடத்தில் ஒரு சொல்லின் ஓசையே காலத்தைக் காட்டி நிற்கின்றது.

இவ்வுண்மைகள் ஏடுகளிலிருந்து மட்டும் கிடைத்தனவல்ல. மிகப் பழைய ஸ்லாவியச் சுவடிகளில் ஓசைக்குறிகள் ஒழுங்காக இடப்படவில்லை. செர்பிய நாட்டுச் சிற்றூர் ஒன்றில் 1787இல் பிறந்த வூக் கரஜிச் என்பார், மக்கள் பேசும் சொற்களைத் தொகுத்து 1818இல் வியன்னா நகரில் அகராதி ஒன்றை வெளியிட்டார். தானிச்சிச் என்னும் அறிஞரின் துணையோடு 1852இல் வெளிவந்த அதன் இரண்டாம் பதிப்பு, செர்பியத்தின் நால்வகை ஓசையையும் தெளிவாகக் குறித்துக் காட்டியது. குறிய ஏற்றம், நெடிய ஏற்றம், குறிய இறக்கம், நெடிய இறக்கம் என்பன அவை. ஆயின் அவற்றுள் ஏறோசைகள் தாயிடமிருந்து வந்தவையல்ல. அழுத்தம் ஓரசை முன்னோக்கி நகர்ந்தமையால் பிற்காலத்தில் தோன்றியவை.

பழமையைக் காண வேறிடம் செல்ல வேண்டியதாயிற்று. அத்திரியாத்திக் கடற்கரையில் உள்ள நோவி என்னும் ஊரின் பேச்சை ஆராய்ந்த அலெக்சாந்தர் பெலிச், 1909இல் தம் முடிவுகளை வெளியிட்டார். சாவா ஆற்றங்கரை ஊர்களின் பேச்சை ஆராய்ந்த இவ்ஷிச் என்பார் 1911இல் தம் ஆய்வை வெளியிட்டார். ‘கொரோல்’ என்னும் சொல்லில் கண்ட அந்தப் புதிய ஏறோசை, நகரத்தார் வாயில் மறைந்தும், இவ்வூரார் வாயில் உயிரோடு இருந்தது! 1957இல் நார்வே நாட்டறிஞர் ஸ்டாங், ஊர்வழக்குகளையும் குறியிட்ட பழஞ்சுவடிகளையும் ஒப்பிட்டு ஸ்லாவிய ஓசை வரலாற்றுக்குப் புதிய அடிப்படை வகுத்தார்.

நோவி ஊரார் தாம் ஓர் அரும்பொருளைக் காப்பதாக எண்ணியிருக்கமாட்டார்; பெற்றோர் பேசியவாறே பேசினர். அப்பேச்சைக் கொச்சை எனத் தள்ளியிருப்பின், பல நூற்றாண்டு வரலாற்றின் சான்று கேட்பாரற்று அழிந்திருக்கும். ஏடு அழியின் படியெடுத்த பிற ஏடு கிடைத்தல் கூடும். பேசுவோர் வாயில் மட்டும் வாழும் ஓசையோ, அவர் மக்கள் அதனைக் கைவிட்ட அன்றே மறையும். ஆதலின், ஓர் ஊர்வழக்கைப் பிழையென்று ஒதுக்குமுன் அதனைச் செவிசாய்த்துக் கேட்டல் கற்றோர் கடனாகும்.