கொள்கலனும் கணினி நிரலும்

நெகிரி செம்பிலான் மாநிலத்திலுள்ள நீலாய், ஒரு காலத்தில் இரப்பர் தோட்டங்கள் சூழ்ந்த ஊராக இருந்தது. இன்று அங்குத் தொழிற்சாலைகளும் உயர்கல்விக்கூடங்களும் பெருகியுள்ளன. கடற்கரை இல்லாத இவ்வூரில் உள்நாட்டுத் துறைமுகம் ஒன்றும் உண்டு. தொழிற்சாலைப் பொருள்களைச் சுமந்து செல்லும் கொள்கலன்களை இங்குக் காணலாம்.

கொள்கலன் வருவதற்கு முன், சரக்குகளை மூட்டை மூட்டையாகக் கப்பலில் ஏற்றினர். அதற்குப் பல நாள்கள் பிடித்தன. 1956 ஏப்ரல் 26-ஆம் நாள், மால்கம் மெக்லீன் என்னும் அமெரிக்கத் தொழிலதிபர் 58 கொள்கலன்களை ஒரே கப்பலில் நியூவார்க்கிலிருந்து ஹியூஸ்டனுக்கு அனுப்பினார். நாளடைவில் கொள்கலன்களின் அளவுகள் வரையறுக்கப்பட்டன. அதனால், உள்ளே எப்பொருள் இருந்தாலும் லாரியும் பாரந்தூக்கியும் கப்பலும் அவற்றை ஒரே முறையில் கையாள முடிந்தது.

இதே எண்ணம் கணினித் துறைக்கும் கைகொடுத்தது. ஒருவர் உருவாக்கிய இணையச் செயலி அவருடைய கணினியில் நன்றாக இயங்கும். ஆனால், பலரும் பயன்படுத்துவதற்காக வழங்கிக் கணினியில் ஏற்றினால் முரண்டு பிடிக்கும். இரண்டிலும் உள்ள துணை மென்பொருள்களின் பதிப்புகள் வேறுபடுவதே பெரும்பாலும் அதற்குக் காரணம். எனவே, செயலியையும் அதற்குத் தேவையான துணை மென்பொருள்களையும் ஒரே பொதியாகக் கட்டினர். இதுவே மென்பொருள் கொள்கலன். 2013 மார்ச்சு மாதம், அமெரிக்காவில் நடந்த பைத்தன் நிரலாளர் மாநாட்டில் சாலமன் ஹைக்ஸ் அறிமுகப்படுத்திய ‘டாக்கர்’ இம்முறையைப் பரவலாக்கியது.

பொதி கட்டினால் மட்டும் போதுமா? அதைப் பல வழங்கிகளில் பிழையின்றி ஏற்ற வேண்டும். 2012 ஆகஸ்டு 1-ஆம் நாள் நிகழ்ந்ததைப் பாருங்கள். நைட் கேப்பிட்டல் என்னும் அமெரிக்கப் பங்கு வணிக நிறுவனம் எட்டு வழங்கிகளில் புதிய நிரலை ஏற்ற வேண்டியிருந்தது. ஊழியர் ஒருவர் ஒரு வழங்கியை விட்டுவிட்டார். வேறு எவரும் அதைச் சரிபார்க்கவில்லை. அதிலிருந்த பழைய நிரல் தவறாக இயங்கியதால், ஏறத்தாழ 45 நிமிடங்களில் 400 மில்லியன் அமெரிக்க டாலருக்கும் அதிகமான இழப்பு ஏற்பட்டது.

இத்தகைய தவற்றைத் தவிர்க்கவே தானியக்க முறை பயன்படுகிறது. எந்தக் கொள்கலன், எந்தப் பதிப்பு, எந்தெந்த வழங்கிகள் ஆகிய விவரங்களை அமைவுக் கோப்பு ஒன்றில் எழுதி வைப்பர். 1991-இல் குவிடோ வான் ரோசம் வெளியிட்ட பைத்தன் மொழியில் எழுதப்பட்ட நிரல் அக்கோப்பைப் படிக்கும். ஒவ்வொரு வழங்கியிலும் புதிய கொள்கலனை இயக்கும். அது சரியாக இயங்குகிறதா எனச் சோதிக்கும். பிழை தென்பட்டால் முந்தைய பதிப்புக்கே திரும்பும். எட்டு வழங்கிகளாயினும் எண்பதாயினும் எதுவும் விடுபடாது.

ஆயினும், நிரல் தானாகச் சிந்திப்பதில்லை. அமைவுக் கோப்பில் ஒரு வழங்கியின் பெயர் விடுபட்டால், அந்த வழங்கியை நிரலும் விட்டுவிடும். பதிப்பு எண்ணைத் தவறாக எழுதினால், அத்தவறு எல்லா வழங்கிகளுக்கும் நொடியில் பரவிவிடும். ஆகவே, கோப்பை எழுதியவர் மட்டுமின்றி, இன்னொருவரும் அதைப் படித்துச் சரிபார்த்த பின்னரே நிரலை இயக்குவது நல்லது. ‘பதறாத காரியம் சிதறாது’ என்னும் பழமொழி கணினித் துறைக்கும் பொருந்தும் அன்றோ?