கண்டதைச் சேர்த்துத்தான் காணாததைக் கீறலாம்

கற்பனைப் படம் என்றால் மனத்திலிருந்தே வரவேண்டும், எதையாவது பார்த்துக் கீறினால் அது கொப்பியடித்தல். யாழ்ப்பாணத்து உடுவில் பக்கத்தில் சித்திரம் படிக்கும் பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் இப்படியொரு எண்ணம் இருக்கிறது. விடுமுறைக்கால ஓவியப் பயிற்சிப்பட்டறைகளில் நல்ல கை உள்ள பிள்ளையையே முடக்கிப்போடுவது இதுதான்.

ஜேம்ஸ் கர்னி என்ற அமெரிக்க ஓவியர் 1992 இல் வெளிவந்த ‘டைனோட்டோபியா’வில் மனிதரும் டைனோசர்களும் கூடி வாழும் தீவொன்றைத் தீட்டினார். எவரும் கண்டிராத தீவு. ஆனால் அவர் களிமண்ணில் சிறு உருவம் பிடித்து, வெளிச்சத்தில் வைத்து, நிழல் விழும் இடத்தைப் பார்த்துத்தான் கீறுகிறார். ஆட்களுக்கு வேடமிட்டு நிறுத்தியும் பார்க்கிறார். 2009 இல் வந்த அவருடைய ‘இமாஜினேட்டிவ் ரியலிசம்’ என்ற நூல் இந்த வேலைமுறையைத்தான் விளக்குகிறது.

சிறகு வைத்த குதிரையைக் கீறும் பிள்ளை பெரும்பாலும் சிறகை முதுகின் நடுவில் ஒட்டிவிடும். ஏதோ பொருந்தவில்லை என்று தெரியும், ஏன் என்று விளங்காது. பொழுதுபடப் பழமரத்துக்கு வரும் வௌவாலைக் கவனித்தால் விளங்கும். அதன் சிறகு உண்மையில் கை. நீண்ட விரல்களுக்கிடையே விரிந்திருப்பது தோல். கை என்றால் அதற்குத் தோள் வேண்டும், தோளுக்குத் தசை வேண்டும், அந்தத் தசை பற்றிக்கொள்ள நெஞ்சு அகலமாக வேண்டும். இவ்வளவையும் கொடுத்த பிறகுதான் குதிரை பறக்கும் என்று பார்ப்பவர் நம்புவார். ஒரு பிடி களிமண்ணில் அதைச் செய்து, இருட்டறைக்குள் ரோச் அடித்துப் பாருங்கள். சிறகின் நிழல் முதுகில் வளைந்து விழும் விதத்தை இருந்த இடத்தில் யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொரு தப்பெண்ணம், இந்தக் கற்பனை ஓவியக் கலை வெள்ளைக்காரருடையது, டிராகனும் கோட்டையும் இல்லாமல் அது இல்லை என்பது. அப்படிச் சொல்பவர்களை அயலிலுள்ள இணுவில் கந்தசுவாமி கோவிலுக்குப் போய் மஞ்சத்தின் மரச் சிற்பங்களைப் பார்க்கச் சொல்வேன். யாழ்ப்பாணத்துக் கோவில்களில் இருக்கும் கைலாச வாகனத்தையும் திருவிழாக் கூட்டம் இல்லாத ஒரு பகலில் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். மலையைத் தூக்கும் இராவணனின் பத்துத் தலையை ஒரு கழுத்தில் எப்படி நிறுத்துவது? இருபது கையும் ஒன்றையொன்று மறைக்காமல் எப்படி விரிவது? தலைக்குமேல் மலை இருக்கிறது என்ற பாரத்தை எப்படிக் காட்டுவது? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் ஆசாரிமார் மரத்தில் பதில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். யாளியும் அப்படித்தான். சிங்க உடலில் யானைத் துதிக்கை எங்கே தொடங்குகிறது என்று தெரியாதபடி பொருத்தியிருப்பதுதான் அங்கே வித்தை. ஐயரிடம் கேட்டுக்கொண்டு, பென்சிலும் கொப்பியுமாக ஒரு காலைப்பொழுது அங்கே இருந்தால் போதும்.

1947 இல் தொடங்கிய சிறுவர் இதழான அம்புலிமாமாவையும் மறக்கக்கூடாது. விக்கிரமாதித்தன் தோளில் வேதாளத்தைத் தொங்கவிட்ட சங்கர் (1924–2020) சென்னை ஓவியக் கல்லூரியில் முறையாகப் படித்தவர். பிணத்தைச் சுமந்து நடப்பவனின் உடல் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் அந்த வேதாளத்துக்குப் பயந்தோம்.

முதலில் தோன்றியதே சிறந்தது, உடனே பெரிய தாளில் தொடங்கு என்பார்கள். முதலில் தோன்றுவது அநேகமாக எங்கேயோ பார்த்த படம்தான். ஓவியர் றெபேக்கா குவே 2008 இல் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் ஆம்ஹெர்ஸ்ட்டில் தொடங்கிய ஒருவாரப் பட்டறைக்குக் கற்பனை ஓவியம் பழக வந்தவர்கள், உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு மாதிரிப் படங்களைக் கீறிக்கொண்டுதான் வந்தார்கள். அவற்றில் எதை விடுவது, எதை வளர்ப்பது என்று ஆசிரியர்களோடு பேசித் தீர்மானித்த பிறகே பெரிய தாள். நிறத்தைக் கூட்டினால் அதிசயம் கூடும் என்பதும் பிழை. மாதிரிப் படத்தைக் கறுப்பு, சாம்பல், வெள்ளை மூன்றில் மட்டும் தீட்டிப் பார்த்தாலே அது நிற்குமா விழுமா என்று தெரிந்துவிடும்.

ஒரு பட்டறையோடு பிள்ளை ஓவியராகிவிடும் என்று எதிர்பார்ப்பவர்களும் உண்டு. உடுவிலுக்குப் பக்கத்தில், மருதனார்மடத்தில், சித்திரமும் வடிவமைப்பும் பட்டப்படிப்பாகவே வருடக்கணக்கில் கற்பிக்கப்படுகிறது. சில நாள் பட்டறையில் கிடைக்கக்கூடியது, ஒரு படத்தை மாற்றி மாற்றி வளர்க்கும் பழக்கம் மட்டுமே. கடைசி நாள் கண்காட்சிக்காக அவசரமாக நிறம் அடிக்கவைத்தால் அதுவும் கிடைக்காது. நடத்துபவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: முடிந்த படத்துக்குப் பக்கத்தில் பிள்ளை கைவிட்ட மாதிரிப் படங்களையும் களிமண் உருவத்தையும் வையுங்கள். பிள்ளை என்ன கற்றது என்பதைத் தாய்தகப்பன் அவற்றில்தான் பார்க்க முடியும்.